உப்புப் பாக்க ஆளில்லாத பாஸ்டா

1

உங்கட வீட்டுச் சாப்பாடு என்னெண்டு இஞ்ச ஆராவது கேட்டா நான் கேஜன் பாஸ்டா எண்டுதான் சொல்லுவன். கேக்கிற ஆள்ட முகம் போற போக்கப் பாக்கணும். சிலோன்காரி, மட்டக்களப்பு, அதுலயும் பனிச்சங்கேணி. சோறு, மீன் கறி, சொதி எண்டு சொல்லுவாள் எண்டு பாத்துக்கொண்டிரிப்பாங்க. நான் இறாலும் கணவாயும் நண்டும் போட்டு, கிறீம் விட்டு, கொச்சிக்காத்தூள் உறைக்க உறைக்கப் போட்ட பாஸ்டாவச் சொல்லுவன். பொய் இல்ல. எங்கட அப்பா பாசிக்குடாக் கடக்கரையில ஒரு ஹொட்டல்ல குக். அந்த ஹொட்டல் திறந்த நாள்ல இருந்து அங்கதான்.

நேத்தோட நான் மெல்பனுக்கு வந்து ஒரு வருசம். அதுக்கு ஒரு போஸ்ட் போடுவம் எண்டு படமெல்லாம் எடுத்து வச்சிரிந்தன். இந்தக் கிழமை நடந்த கூத்துல அது போச்சு. அதுக்குப் பதிலா இத எழுதுறன். ஊரில இரிக்கிற ஆக்கள் வாசிங்க. அப்பாட ஹொட்டல் ஆக்கள் வாசிச்சாலும் பரவால்ல, இனி மறைக்க ஒண்டும் இல்ல.

திங்கக்கிழமை அம்மா போன் எடுத்தா.

"புள்ள, அப்பாட ஹொட்டலுக்குப் புது செஃப் ஒராள் வந்திரிக்கார். கொழும்பு ஆள். சனிக்கிழமை எல்லா குக்மாரும் அவருக்கு முன்னால நிண்டு சமைச்சுக் காட்டணுமாம். தின்னு பாத்துட்டுத்தான் ஆர வச்சிரிக்கிற, ஆர அனுப்புற எண்டு சொல்லுவாராம்."

"அப்பா பாஸ்டா செய்வார். அதுக்கென்ன?"

அம்மா கேட்டா, "உப்பு ஆருகா பாக்கிற?"

நான் ட்ரெயின்ல இருந்தன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் போயிட்டு.

2

விளங்காத ஆக்களுக்கு. எங்கட அப்பாக்கு மணமும் ருசியும் இல்ல. கொரோனாக் காய்ச்சல் மாறின கையோட போனது, திரும்பி வரவே இல்ல. அம்மா கருவாடு பொரிச்சுக்கொண்டு நிக்க, பக்கத்து வளவு நாயெல்லாம் வேலிக்க வந்து நிக்க, அப்பா குசினி வாசல்ல நிண்டு "இண்டைக்கு என்ன கறி?" எண்டு கேட்டார். நாங்க பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சம். ஒரு குக்குக்கு மூக்கும் நாக்கும் போறதெண்டா பஸ் ட்ரைவருக்குக் கண் போற மாதிரி. ஆனா பஸ் எண்டா முட்டின உடன தெரிஞ்சிரும். இது தெரியா.

அப்பா ஹொட்டல்ல சொல்லல்ல. அந்த நேரம் நாடு இரிந்த இரிப்புக்கு ஆர்தான் சொல்லுவாங்க. கேஸ் இல்ல, பெற்றோல் இல்ல, வாற வெள்ளைக்காரனும் இல்ல. ஆர வீட்டுக்கு அனுப்புவம் எண்டு ஹொட்டல்காரங்க ஆள் தேடின காலம்.

நல்ல காலத்துக்கு நான் கம்பஸ் முடிச்சு, டிகிரிய ஃபைலுக்க வச்சுக்கொண்டு, அதே ஹொட்டல்ல கேஷ் மேசையில இருந்தன். ஓடர் குடுக்கிற சாட்டில குசினிக்குப் போவன். அப்பா ஒரு கரண்டியில கொஞ்சம் எடுத்து வச்சிரிப்பார். நான் வாயில போட்டுட்டு பில் புத்தகத்த மேசையில வைப்பன். அவருக்கு வலப்பக்கம் வச்சா உப்புக் காணா. இடப்பக்கம் வச்சா கூடிப்போச்சு, கிறீம் விடணும். நடுவில வச்சா அனுப்பலாம். ஒரு சொல்லுக் கதைக்கிறல்ல. மூணு வருசம் ஒருத்தருக்கும் தெரியா. அந்த மூணு வருசத்தில நான் வச்ச உடம்பு இன்னும் குறையல்ல, அது வேற கதை.

அந்த பாஸ்டா வந்த விதமும் சொல்லணும். ஆரோ ஒரு வெளிநாட்டு செஃப் ஆறு மாசம் வேலை செஞ்சுட்டுப் போகக்குள்ள விட்டுட்டுப் போன ஒத்தைத் தாள். அதுல இரிந்த பாதிச் சாமான் மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அப்பா கிடைச்சத வச்சு மாத்தினார். கொச்சிக்காத்தூள், மிளகு, காய வச்ச உள்ளி, கறிவேப்பில எல்லாம் இடிச்சு அவரே ஒரு தூள் செஞ்சார், உப்பு சேக்கிறல்ல. எங்கட களப்பு இறால் போட்டார். கிறீம் யானை விலை வித்த காலத்தில தேங்காயிட முதல் பால விட்டார், கடைசில இறக்கி வச்சுத் தேசிக்காய்ப் புளி விட்டார். கேஜன் எண்டா அமெரிக்காட தெக்குப் பக்கத்து உறைப்புச் சமையல் எண்டெல்லாம் அவருக்குத் தெரியா. ஒரு நாள் ஒரு அமெரிக்கக்காரன் தின்னுட்டு குசினிக்கே வந்து, இது கேஜன் இல்ல, ஆனா இன்னொரு பிளேட் தா எண்டு கேட்டான். அப்பா அதத்தான் தன்ட சேட்டிபிக்கட் மாதிரிச் சொல்லுவார்.

3

பின்னேரம் அப்பாக்கு எடுத்தன். அவருக்கு லீவு நாள், பனிச்சங்கேணிப் பாலத்தில நிண்டு கதைச்சார். அங்கதான் சிக்னல் நல்லா இரிக்கும், காத்தும் காதக் கிழிக்கும்.

"என்ன மனே, சாப்பிட்டியா?"

"அத விடுங்க. நான் வந்து ஒரு வருசமா ஆர் உப்புப் பாக்கிற?"

"ஆர் பாக்கிற. நான்தான்."

"உங்களுக்கு நாக்கு வேலை செய்யாதே."

"குறைச்சுப் போடுவன்."

"விளங்கல்ல."

"கூடினா எடுக்க ஏலா. குறைஞ்சா மேசையில உப்புப் போத்தில் இரிக்குத்தானே. வேணுமெண்டவன் போட்டுக்குவான்."

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. அவரும் சிரிச்சார். மறுகா சொன்னார், புது செஃப் வந்து மூணாம் நாளே வெயிட்டர்மாரக் கூப்பிட்டுக் கேட்டாராம், இந்த ஹொட்டல்ல மட்டும் ஏன் உப்புப் போத்தில் இவ்வளவு சுறுக்கா முடியுது எண்டு. அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டுட்டு நிண்டாராம்.

அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் சிரிக்கல்ல.

"அப்ப கோயில் சடங்குக்கு எப்பிடிச் சமைச்சீங்க?"

"இந்த முறை போகல்ல."

இது எனக்குப் புதுசு. எங்கட அம்மன் கோயில்ல படைக்கிற சோறு கறிய ஆக்கிறவர் ருசி பாக்கப்படா. அம்மனுக்கு முதல் மனிசர் வாய் வைக்கப்படா. அப்பா வாயத் துணியால கட்டிக்கொண்டு பெரிய கிடாரத்தில ஆக்குவார், ஒரு வருசமும் உப்புப் பிசகினதில்ல. அதத்தான் நான் கேட்டன், "அங்க ஆரும் ருசி பாக்கிறல்லயே. உங்களுக்கு அது பழக்கம்தானே?"

"கொதிக்கிற மணத்தில உப்புத் தெரியும் மனே. மணம் போன பிறகு மூணு வருசம் கை ஞாபகத்தில போட்டு ஒப்பேத்தினன், இனி அந்தத் துணிவு இல்ல. இப்ப கொதிக்கிற கறியும் பச்சத்தண்ணியும் எனக்கு ஒண்டுதான்."

வெளிநாட்டுக்கு வந்தா பிள்ளைகள் மாறிப்போகும் எண்டு பெரிய ஆக்கள் கனக்க எழுதிரிக்காங்க. வீட்டுல இங்கிலீசு கதைக்குதுகள், இடியப்பம் தின்னுதுகள் இல்ல எண்டு கவலைப்படுவாங்க. எனக்கு இருவத்தாறு வயசு. தமிழ் முழுசா வாயில இரிக்கு. இடியப்பமும் தின்னுவன். ஒரு வருசமா கிழமைக்கு மூணு தரம் அப்பாவோட கதைச்சன். என்ட ஷிஃப்ட், என்ட அசைன்மென்ட், என்ட வீசா, இஞ்சத்தக் குளிர். உப்பு ஆர் பாக்கிற எண்டு ஒருக்காலும் கேக்கல்ல.

வெக்கமாப் போச்சு. வெக்கம் வந்தா எனக்குக் கோவம்தான் வரும்.

"நான் இஞ்ச அதே பாஸ்டாவச் செஞ்சு எல்லாத்தையும் தராசில நிறுத்து கிராம் கணக்குச் சொல்லுறன். நீங்க அங்க நிறுத்துப் போடுங்க. முடிஞ்சுது."

"கையால போட்டவன் தராசு வைக்கிறதா?"

"உங்களுக்கு வேலை வேணுமா வேணாமா?"

பாலத்தில ஒரு லொறி போற சத்தம் கேட்டுது.

"சரி மனே. சொல்லு."

4

இஞ்ச என்னோட இரிக்கிறது ஷிஃபா. காத்தான்குடிப் புள்ள. பார்மசி படிக்காள். ஊரில இரிக்கக்குள்ள அவள்ட ஊருக்கு நான் போனது ரெண்டே தரம், ரெண்டும் பெருநாள் சேலுக்குச் சுடிதார் எடுக்க. இஞ்ச ஒரே குசினி, ஒரே பிரிட்ஜ், ஒரே ரொய்லெட். நண்டு மட்டும் அவள் தின்னமாட்டாள், அதால பாஸ்டாவில நண்டு இல்லாமத்தான் செஞ்சன். கேக் செய்ய மாவு, கிறீம் எல்லாம் நிறுக்கிற சின்னத் தராசு அவள்டதான்.

அப்பாட தூள் என்னட்ட இல்ல. வரக்குள்ள ஒரு போத்தில் தந்துவிட்டவர். எயார்போட்டில சாப்பாடு இரிக்கா எண்டு கேக்கிற தாள்ல ஓம் எண்டு போட்டன், பொய் சொன்னா ஃபைன் எண்டு எல்லாரும் வெருட்டிரிந்தாங்க. ஒபிசர் போத்திலத் தூக்கி இது என்னெண்டு கேட்டார். நான் ஸ்டைலா கேஜன் எண்டன். அவர் என்ட பாஸ்போட்டப் பாத்தார், என்னப் பாத்தார், போத்திலப் பாத்தார். உள்ள என்ன இரிக்கு எண்டு கேக்க, கறிவேப்பில எண்டு நானே வாய விட்டன். இல வகை உள்ள வரப்படாதாம். மன்னிப்பெல்லாம் கேட்டு, நல்ல மரியாதையா எறிஞ்சார். அதனால இந்த முறை கடையில விக்கிற கேஜன் பக்கெட் ஒண்டு வாங்கினன்.

செவ்வாக்கிழமை முதல் தரம். தாச்சியில பட்டர் உருகின உடன இறாலப் போட்டு, ரெண்டு பக்கமும் சிவந்த உடன எடுத்து வச்சிட்டன். அது கனக்க நேரம் கிடந்தா றப்பர். அதே பட்டரில உள்ளி, வெங்காயம், குடமிளகாய். மறுகா தூள். தூள் பட்டரில பட்டு மணம் எழும்பக்குள்ள நான் கொஞ்சம் அப்பிடியே நிண்டுட்டன். பாசிக்குடாக் குசினிட பின் கதவு, வெளியில காயிற மேசைத்துணி, வெயில்ல கண் கூசக் கூச பில் புத்தகத்தோட நான். மெல்பன்ல அந்த நேரம் மழை.

கிறீம் விட்டு, பாஸ்டா அவிச்ச தண்ணி ஒரு கரண்டி விட்டு, எல்லாம் சேத்துக் கிளறி இறக்கினன். அப்பா செய்யிற மாதிரியே தேசிக்காயப் பிழிஞ்சன். தேங்காப்பாலுக்குப் புளி விட்டா சொதி. மலிஞ்ச கிறீமுக்கு விட்டா, கண்ணுக்கு முன்னால திரைஞ்சு கட்டி கட்டியா நிக்கும்.

ஷிஃபா எட்டிப் பாத்தாள். "என்னகா இது, புள்ள பால் கக்கின மாதிரி?"

புதன்கிழமை நல்ல கிறீம் வாங்கி, தேசிக்காய விட்டுட்டுத் திரும்பச் செஞ்சன். எல்லாம் நிறுத்து நிறுத்து. உப்பு ஒவ்வொரு கிராமாப் போட, ஷிஃபா கரண்டியோட நிண்டு காணா, காணா எண்டாள். நாலாவது கிராமில கண்ண மூடினாள். மிச்சத்த வழிச்சுத் திண்டாள். நானும் திண்டன். சரியான ருசி. அரைக்கிலோ பாஸ்டாக்கு தூள் முப்பது கிராம், உப்பு நாலு கிராம். எல்லாக் கணக்கையும் வொய்ஸ்ல சொல்லி அனுப்பினன். அப்பா ஒரு கொப்பித் தாள்ல எழுதிப் படம் அனுப்பினார். நாலு எண்ட இலக்கத்தச் சுத்தி வட்டம் போட்டிரிந்தார்.

5

சனிக்கிழமை மத்தியானம் ஷிஃபா முட்ட பொரிச்சு, அதுக்கு மேல என்ட பக்கெட்டுத் தூளத் தூவித் தின்னுட்டுத் துப்பினாள்.

"சரியான உப்புகா இது."

நான் ஷிஃப்டுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிரிந்தன். அவள் பக்கெட்டத் திருப்பி வாசிச்சாள். சாமான் வரிசையில முதலாவது உப்பு.

அப்பாட தூள்ல உப்பே இல்ல. கடைத் தூள்ல உப்பு நிறைய. நான் போட்ட நாலு கிராம் அதுக்கு மேல போட்டது. அப்பா தன்ட தூளுக்கு நாலு கிராம் மட்டும் போட்டா பாஸ்டா சப்பெண்டு இரிக்கும். எந்த உப்பு இல்லாமப் பிடிபடுவார் எண்டு பயந்தமோ, அதே உப்ப நானே கிராம் கணக்காக் குறைச்சுக் குடுத்திரிக்கன்.

ஷிஃபா பக்கெட்டுக்குப் பின்னால இரிக்கிற சோடியக் கணக்க வச்சுப் பெருக்கிப் பிரிச்சாள். "தூளுக்க ஒம்பது, நீ போட்டது நாலு. பதிமூணு போடச் சொல்லு."

ஊரில அப்ப காலமை. அப்பா ஹொட்டல் வேனால இறங்கி உடுப்பு மாத்துற நேரம். ரெண்டு தரம் எடுக்கல்ல. மூணாந் தரம் எடுத்தார்.

"அப்பா, நாலு இல்ல, பதிமூணு. நான் பிழையாச் சொல்லிட்டன். கடைத் தூள்ல உப்பு இரிந்திரிக்கு."

"பதிமூணா?"

"ஓம். எழுதுங்க."

அவர் எழுதல்ல. எழுதுற சத்தம் இல்ல.

"மனே, இந்தச் சட்டிக்கு நீ கணக்குச் சொல்லிட்டாய். நாளைக்கு மீன் சூப்புக்கு?"

"அதுக்கும் செஞ்சு பாத்துச் சொல்லுறன்."

"செவ்வாய் நண்டுக் கறிக்கு? உன்ட ஷிஃபாவும் நண்டு தின்னா எண்டாய்."

"அப்பா பகிடி விடாதீங்க. இப்ப இத முடிங்க."

"நான் அவருக்குச் சொல்லப்போறன்."

"சொல்லாதீங்க. சொன்னா அனுப்பிருவாங்க. நீங்க அந்தக் குசினி இல்லாம என்ன செய்வீங்க?"

"அவர் உப்புப் போத்திலப் பாத்தே சந்தேகப்பட்ட மனிசன். இண்டைக்கு இல்லாட்டி அடுத்த கிழமை பிடிப்பார். பிடிபட்டுப் போறதுக்கு நானே சொல்லிட்டுப் போறன்."

"அப்பா, பதிமூணு போடுங்க. கெஞ்சிக் கேக்கன்."

"வேலைக்குப் பிந்திரும் உனக்கு. போ." வச்சிட்டார்.

நான் வேலைக்குப் போகல்ல. வயித்துக்குத்து எண்டு மனேஜருக்கு மெசேஜ் போட்டன். ரெண்டரை மணித்தியாலம் கட்டில்ல குந்திக்கொண்டிரிந்தன். ஷிஃபா தொழுதுட்டு வந்து பக்கத்தில இருந்தாள்.

6

அப்பா எடுத்தது ஹொட்டலுக்குப் பின்னால, படகு இழுத்து வைக்கிற இடத்தில நிண்டு. வீடியோக் கோல். குசினித் தொப்பி தலையில இல்ல.

அவர் சொன்னத அப்பிடியே எழுதுறன். இறாலப் பொரிச்சு எடுத்து, தூள் போட்டு, கிறீம் விட்டு, பாஸ்டாவும் போட்டுக் கிளறினாராம். உப்பு போடாம கரண்டிய செஃப்ட கையில குடுத்தாராம். "சேர், உப்பு நீங்க பாருங்க. எனக்கு ருசி தெரியா. மணமும் தெரியா. நாலு வருசம்."

செஃப் ருசி பாத்தாராம். தானே உப்பு அள்ளிப் போட்டாராம். திரும்பப் பாத்தாராம். இன்னும் கொஞ்சம்.

"நாலு வருசம் ஆர் பாத்த?" எண்டு கேட்டாராம்.

"மூணு வருசம் என்ட மகள். ஒரு வருசம் உப்புப் போத்தில்."

செஃப் சிரிக்கல்லயாம். கூலர் பெட்டிக்குப் போய் ரெண்டு கிண்ணத்தில இறால் எடுத்து வந்து வச்சாராம். ஒண்டு காலையில வந்தது, மற்றது முந்தநாள் வந்தது. மணம் பாக்காம இதுல எது பழசு எண்டு சொல்லுங்க பாப்பம் எண்டாராம். அப்பா கண்ணால கூடப் பாக்கல்லயாம். ரெண்டு கிண்ணத்திலயும் ஒவ்வொரு இறால எடுத்துத் தலையப் பெருவிரலால ஒருக்கா அமத்தினாராம். "இது முந்தநாள். தலை இளகிட்டு." மீனும் அப்பிடியே, செவுளத் தொட்டுச் சொன்னாராம். பனிச்சங்கேணியில பிறந்த ஆளுக்கு இதென்ன பெரிய சோதினை.

"அப்ப வேலை?"

"இரிக்கு. அடுப்பில இனி நிக்க ஏலாதாம். மீன், இறால், கணவாய் வந்தா நான்தான் பாத்து எடுக்கணும், வெட்டணும், பங்கு போடணும். என்னக் கேக்காம ஒண்டும் உள்ள போகப்படா எண்டு சொல்லிரிக்கார்."

"பாஸ்டா?"

"மற்ற குக் செய்வான். பக்குவம் சொல்லிக் குடுப்பன். உப்ப அவன் பாக்கட்டும்."

அந்த பாஸ்டா இல்லாத அப்பாவ நான் யோசிச்சுப் பாத்ததில்ல.

"கவலையா அப்பா?"

"கவலைதான். இல்ல எண்டு சொல்லல்ல." கடல்பக்கம் பாத்தார். "ஆனா நாலு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் குசினியில ஒண்டும் மறைக்காம நிண்டன்."

நான் மூக்கச் சிந்தினன். ஷிஃபா ரிஷூப் பெட்டிய நீட்டினாள். ஊர்ப் புதினம் கொஞ்சம் கதைச்சார். வைக்கப் போறார் எண்டு நினைச்சன். வைக்கல்ல.

"நீ புதன்கிழமை ஆக்கினது மிச்சம் இரிக்கா?"

"பிரிட்ஜ்ல கொஞ்சம் இரிக்கு. ஏன்?"

"எடுத்துத் தின்னு. தின்னுட்டு எனக்குச் சொல்லு."

"என்னத்த?"

"எப்பிடி இரிக்கு எண்டு. மூணு வருசம் நீ எனக்கு உப்பு காணுமா காணாதா எண்டு மட்டும்தானே சொன்னாய். அந்தச் சாப்பாடு எப்பிடி இரிக்கு எண்டு நானும் கேக்கல்ல, நீயும் சொல்லல்ல."

சூடாக்கி எடுத்துவந்து போனக் கிளாஸ்ல சாத்தி வச்சன். ஒரு வாய் வச்சன்.

"நல்லா இரிக்கு."

"அது கஸ்டமர் சொல்லுற. நீ சொல்லு."

திரும்ப ஒரு வாய் வச்சன். இந்த முறை கண்ண மூடி, மெதுவா. "முதல்ல ஒண்டும் தெரியா அப்பா. கிறீம் நாக்கப் போத்துமாப்போல வருது. பட்டரும் உள்ளியும் கொஞ்சம் பிந்தி. மறுகாதான் உறைப்பு, அதுவும் நாக்கில இல்ல, விழுங்கினாப் பிறகு தொண்டையில."

"இறால்?"

"இனிப்பு. எங்கட இறால்ட இனிப்பு இல்ல. தண்ணி கலந்த இனிப்பு."

"ஐஸ் இறால் அப்பிடித்தான். எங்கட இறால்ட இனிப்பு எப்பிடி?"

நான் யோசிச்சன். வாயில இரிக்கிறத விட்டுட்டு அங்கத்தத யோசிக்க வேண்டி வந்திட்டு. "அது கடிச்ச உடன வராது. சப்பச் சப்ப வரும். களப்புத் தண்ணிட ஒரு உவர் முன்னுக்கு வந்து, அதுக்குப் பின்னால வரும்."

அப்பா தலைய ஆட்டினார். அவர்ட வாயும் அசைஞ்சுது, எதையோ சப்பிற மாதிரி.

"ஓம்," எண்டார். "ஓம், அதுதான். இன்னொரு வாய் வை மனே. அவசரப்படாமச் சொல்லு."